பதினோராம் குழியின் புங்கந்தோப்பு

வெள்ளிக்கிழமை சாயங்காலமானால் வீட்டு வேலை செய்யும் கோவிந்தம்மா பின்பக்க பால்கனியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, பிரபாகருடைய கோல்ஃப் ஷூவைக் கவிழ்த்துப் பிடித்து, அடியிலிருக்கும் ரப்பர் முட்களுக்கு நடுவே பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை விட்டுத் தேய்ப்பாள். பிரபாகர் போய்ச் சேர்ந்து வருஷம் திரும்பப் போகிறது. ஷூவில் மண் கிடையாது, புல் கிடையாது, தேய்க்க ஒன்றுமே கிடையாது. ஆனால் வேலையை நிறுத்தச் சொல்லி யாரும் அவளிடம் சொல்லவில்லை. பிரபாகரின் மனைவி சந்திரிகா பலமுறை அந்தப் பால்கனிக் கதவுவரைக்கும் வந்து, பிரஷ் உரசும் சத்தத்தைக் கேட்டுவிட்டு, சொல்லாமலே திரும்பிப் போயிருக்கிறாள்.

"இன்னாம்மா, நாளைக்கு நீயே போறியாமே?"

"ஆமா."

"அந்த எடத்துக்கா?"

"அந்த எடத்துக்குத்தான்."

"பொண்ணாண்ட சொன்னியா?"

"சொன்னேன். எதுக்கும்மா இதெல்லாம், விடுன்னா."

"அது சொல்லும். பூனாவுல குந்திக்கினு போன்ல சொல்றதுக்கு இன்னா." கோவிந்தம்மா ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். "இது ஒன் காலுக்குப் பெருசா கீதே."

"எனக்கு வேற வாங்கியாச்சு."

"அப்ப இத்த நான் எதுக்குத் தேச்சிக்கினு கீறேன்?"

சந்திரிகா கொடியில் காய்ந்த துணிகளை எடுக்க ஆரம்பித்தாள். கோவிந்தம்மாவும் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. இடது ஷூவை வைத்துவிட்டு வலது ஷூவை எடுத்தாள்.

சந்திரிகா பிறந்தது மயிலாப்பூரில், குளத்துக்குப் பின்னால் ஒரு ஒண்டுக்குடித்தனத்தில். அப்பா ஒரு டாக்டரிடம் கம்பவுண்டர். காலேஜில் பால் பேட்மின்டன் ஆடி ஒரு கப் வாங்கினாள். அந்த மட்டையைத் தொங்கவிட்டுவிட்டு தொலைபேசி இலாகாவில் டிரங்க் கால் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, திருச்சிக்கும் பம்பாய்க்கும் ஒயரைச் செருகிச் செருகி, ஊர் உலகத்தின் துக்கத்தையும் சம்பந்தப் பேச்சையும் இணைத்துக் கொடுத்தவள். இணைப்புக் கொடுத்ததும் பலகையிலிருக்கும் சாவியைத் தள்ளிவிட வேண்டும், கேட்கக் கூடாது என்பது சட்டம். சட்டப்படி தள்ளுவதற்குள் காதில் விழுகிற முதல் வார்த்தையிலேயே, பேசுகிறவர் உண்மை பேசப் போகிறாரா மழுப்பப் போகிறாரா என்று தெரிந்துவிடும். அந்த வேலை போய், இயந்திரம் வந்து, கவுண்டருக்கு மாறி, ஓய்வும் பெற்றாகிவிட்டது. காது மட்டும் ஓய்வு பெறவில்லை.

அதுதான் இப்போது அவளைப் பாடாய்ப் படுத்தியது.

பிரபாகர் அம்பத்தூரில் ஒரு பம்புக் கம்பெனியில் மேனேஜராக இருந்தவர். கோல்ஃப் அவருக்கு வேலையோடு ஒட்டிக்கொண்டு வந்த பழக்கம். ஓய்வுக்குப் பிறகு வேலை போயிற்று, பழக்கம் மட்டும் தங்கிவிட்டது. சனிக்கிழமை விடியலில் வேதநாயகம் காரைக் கொண்டுவந்து நிறுத்துவார். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், வீடு சாந்தோமில். சிந்தாதிரிப்பேட்டையில் மோட்டார் பம்பு ஸ்பேர் கடை வைத்திருக்கும் கரீமுல்லா ஏற்கெனவே முன் சீட்டில் இருப்பார். மூன்று பேரும் கேளம்பாக்கம் தாண்டி, மரமும் குட்டையுமாகப் பரந்து கிடக்கும் ஒரு ரிசார்ட்டுக்குப் போய், ஒரு ரவுண்டு ஆடி, இட்லி வடை தின்றுவிட்டு மத்தியானம் திரும்புவார்கள். அப்படிப் போன ஒரு சனிக்கிழமைதான், பதினோராவது குழிக்குப் பக்கத்தில், மாரடைப்பு.

"ஒரு நொடிதான் தங்கச்சி. என் மடியிலதான் தலை. கஷ்டமே படல," என்றார் கரீமுல்லா, ஆஸ்பத்திரி வாசலில்.

"தண்ணி குடுத்தேன். ஒரு வாய் குடிச்சான்," என்றார் வேதநாயகம், பத்தாம் நாள் காரியத்தன்று.

நொடியில் போனவர் தண்ணீர் எப்படிக் குடித்தார்? துக்கத்தில் ஆளுக்கொன்று சொல்வார்கள், சரி. ஆனால் இரண்டு குரலிலும் முதல் வார்த்தைக்கு முன்னால் ஒரு சின்ன இடைவெளி இருந்தது. டிரங்க் காலில் கேட்ட அதே இடைவெளி. அதைவிட, அவள் தன் கண்ணால் பார்த்தது ஒன்று உண்டு. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது, பிரபாகரின் இடது காதிலிருந்து தாடைவரை வரிசையாகச் சிவப்புத் தடிப்புகள். எறும்புக் கடி. மடியில் இருந்த தலையை எறும்பு கடிக்காது. செத்த உடம்பு தடிக்காது.

ராத்திரி பகல் என்று இல்லை, அரிசி களையும்போதுகூட அது வந்து எதிரே நின்றது. அந்த மனுஷர் தனியாகக் கிடந்தாரா? எவ்வளவு நேரம்? அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். பணிவாகக் கேட்டும் பார்த்தாள், சுற்றி வளைத்தும் கேட்டுப் பார்த்தாள். இரண்டு பேரும் மடியையும் தண்ணீரையும் விட்டு இறங்கவில்லை. சரி, அந்த இடத்தையே பார்த்துவிடுவது என்று முடிவுக்கு வந்தாள். சும்மா போய்ப் பார்க்கிறேன் என்றால் ஓட்டல் வாசலில் காபி வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆடப் போனால்தான் பதினோராவது குழிவரை போக முடியும். பிரபாகர் கட்டிவைத்த சந்தாவில் மனைவியும் ஆடலாம் என்று இருந்தது. பக்கத்தில் ஒரு பயிற்சி மைதானத்தில் சேர்ந்து, வாரம் இரண்டு நாள், வேர்க்க வேர்க்கப் பந்தை அடித்துப் பழகினாள். பால் பேட்மின்டன் மணிக்கட்டு இன்னும் செத்துவிடவில்லை. பந்து தூரம் போகாவிட்டாலும் போகத்தான் செய்தது.

கரீமுல்லாவுக்குப் போன் போட்டு, இந்தச் சனிக்கிழமை தானும் ஆட வருவதாகச் சொன்னாள்.

"வெயில் தங்கச்சி."

"தொப்பி இருக்கு, கரீம் பாய்."

"நடக்கணும். முட்டி என்னாவுறது?"

"வண்டி இருக்காமே."

"ஒங்களுக்கு எல்லாத்துக்கும் பதில் இருக்கு," என்றார் அவர், சிரிக்க முயன்று.

கிளம்புவதற்கு முன் பிரபாகரின் பையைத் திறந்து பார்த்தாள். மட்டைகளின் பிடி எல்லாம் அவர் உள்ளங்கை தேய்ந்த இடத்தில் பளபளத்தது. பக்கப் பையில் டஜன் கணக்கில் பந்து. கோல்ஃப் பந்தில் ஒன்றிலிருந்து நாலுவரை ஏதோ ஒரு எண் போட்டிருக்கும். இதில் ஒன்று விடாமல் எல்லாம் மூன்றாம் எண். எல்லாவற்றிலும் பேனாவால் இரண்டு பச்சைப் புள்ளி. தன் பந்து எது என்று தெரிய அடையாளம் வைப்பார்கள் என்று பயிற்சியாளர் சொல்லியிருந்தார். மூன்று அவருக்கு ராசி போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். பைக்குள்ளே மடித்துவைத்த ஒரு சனிக்கிழமைப் பேண்ட்டும் இருந்தது. வலது பாக்கெட்டில் கையை விட்டால் விரல் நேரே தொடைப் பக்கம் வந்தது. அந்த ஓட்டையை அவள் எத்தனை முறை தைத்திருப்பாள். "சாவிய போட்டுப் போட்டுக் கிழிக்கிறீங்க" என்று திட்டியும் இருக்கிறாள். "சரி, சரி" என்பார். அடுத்த வாரம் மறுபடி கிழிந்திருக்கும்.

ரிசார்ட்டின் கண்ணாடிக் கவுண்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்து, "மிஸ்டர் பிரபாகர் பார்ட்டி, மூணு பேர். சார் வரலீங்களா?" என்று கேட்டாள். வேதநாயகமும் கரீமுல்லாவும் தரையைப் பார்த்தார்கள். கடைசியில் சந்திரிகாதான் "நான்தான்" என்றாள்.

பை தூக்கும் முருகன் இவர்களோடு பல வருஷமாக வருகிற ஆள். பிரபாகரின் பையைப் பார்த்ததும் அவன் கை தானாக நீண்டது. பிறகு சந்திரிகாவைப் பார்த்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டான்.

முதல் சில குழிகள் கூத்தாகத்தான் போயின. சந்திரிகா ஒரு முறை மட்டையை வீசியபோது புல் கரணையோடு பெயர்ந்து பந்தைவிட முன்னால் போய் விழுந்தது. "புல்லுக்குத்தான் இன்னைக்கு நல்ல தூரம்," என்றார் வேதநாயகம். மணல் பள்ளத்தில் கரீமுல்லா மாட்டிக்கொண்டு நாலைந்து முறை வெட்டியபோது, "பாய், கெணறு தோண்டறியா?" என்று கேட்டார். "தண்ணி வந்தா ஒனக்குத்தான்டா முதல் சொம்பு," என்றார் கரீமுல்லா. இப்படிப் பேசிக்கொண்டே, ஒவ்வொரு குழியிலும் இரண்டு பேரும் ஆடி முடித்த பிறகு ஒரு நிமிஷம் சும்மா நின்றார்கள். யாரோ இன்னொருவர் ஆட வேண்டியிருப்பதுபோல. பிறகு சந்திரிகா நிற்பது ஞாபகம் வந்து, "ஆங், நீங்க அடிங்க" என்பார்கள். பிரபாகர் நின்ற இடத்தில்தான் தான் நிற்கிறோம் என்று அவளுக்கு முதுகுத்தண்டில் தெரிந்தது. பேட்டரி வண்டியில் உட்காரும் இடம்கூட ஒரு பக்கமாக அமுங்கியிருப்பதாகத் தோன்றியது. வாடகை வண்டி, யார் யாரோ உட்காருவது. ஆனாலும் தோன்றியது.

பத்தாவது குழி முடிந்ததும் பேச்சு நின்றுபோயிற்று. பதினோராவது தொடங்குகிற மேட்டில் ஏறினால், எதிரே நீளமாகப் புல்வெளி, கடைசியில் கொடி, வலது கைப்பக்கம் அடர்த்தியாகப் புங்க மரங்கள். வெயிலில் நின்று பார்த்தால் தோப்புக்குள் இருட்டாகத் தெரிந்தது. எங்கேயோ உள்ளே ஒரு செம்போத்து விட்டுவிட்டுக் கூவியது.

"இங்கதானா?" என்றாள் சந்திரிகா.

"அந்தப் பக்கம்," என்றார் வேதநாயகம், பொதுவாகக் கொடியைக் காட்டி. கரீமுல்லா தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

அவள் வேண்டுமென்று செய்யவில்லை. மட்டை கொஞ்சம் திரும்பிக்கொண்டது, அவ்வளவுதான். பந்து நேரே கிளம்பி, பாதி வழியில் மனசு மாறியதுபோல வலப்பக்கம் வளைந்து, தோப்புக்குள் போய் இலைச் சத்தத்தோடு விழுந்தது. முருகன் 'ச்சு' என்றான். பந்து தொலைந்தால் கணக்கில் ஓர் அடி தண்டம்.

"விடுங்க, வேற பந்து போடுங்க," என்றார் கரீமுல்லா அவசரமாக. "அங்கெல்லாம் பூச்சி பொட்டு இருக்கும்."

"இருக்கட்டும். பாத்துட்டு வரேன்."

தோப்புக்குள் சருகு கணுக்கால்வரை இருந்தது. வெளியே அடித்த வெயிலுக்கு உள்ளே குளிர்ச்சிகூட இல்லை, அசையாத ஒரு புழுக்கம். ஒரு மரத்தின் வேரோரம் பந்து கண்ணுக்குத் தெரிகிற மாதிரியே கிடந்தது. மூன்றாம் எண், இரண்டு பச்சைப் புள்ளி. பக்கத்து மரத்தின் அடியிலிருந்து செவ்வெறும்புச் சாரை ஒன்று வேர்மேல் ஏறி இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவள் பந்தை எடுக்கக் குனிந்தவள், கிடைத்துவிட்டது என்று சொல்வதற்காக நிமிர்ந்து வெளியே பார்த்தாள்.

மூன்று பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

வேதநாயகம் சர்ச்சில் பூசை கேட்டு நிற்பதுபோலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கொடியைப் பார்த்தபடி. கரீமுல்லா வண்டியில் சாய்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி. முருகன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஈரத்துணியால் ஏற்கெனவே துடைத்த மட்டையைத் துடைத்தபடி. தோப்புப் பக்கம் ஒருவர் முகமும் இல்லை. யாரும் யாரிடமும் சொல்லிவைத்துத் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் நுழைவதுபோல, உடம்பு தானாகச் செய்கிற காரியம் அது.

சந்திரிகா கூப்பிடவில்லை. பார்ப்போம் என்று நின்றாள். ஒருவரும் திரும்பவில்லை. செம்போத்து கூவி ஓய்ந்தது. அவள் மெல்லத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் முதுகுகள் மறைந்து, புதர்க் கிளைகளுக்குக் கீழே அவர்களுடைய கால்கள் மட்டும் தெரிந்தன. குதிகாலும் காலுறையும். அப்போதுதான் அந்தக் கிழிந்த பாக்கெட் அவளுக்குப் புரிந்தது. கையைப் பாக்கெட்டுக்குள் விட்டு, ஓட்டை வழியாகப் பந்தைக் காலோரம் நழுவவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து விழச் செய்துவிட்டு, 'இதோ கெடைச்சிடுச்சு' என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும். எல்லாம் மூன்றாம் எண், எல்லாம் பச்சைப் புள்ளி. யார் கண்டுபிடிக்க முடியும். இவர்கள் கண்டுபிடித்துத்தான் இருந்தார்கள். கண்டுபிடித்து, சிநேகிதனை அவமானப்படுத்த மனசு வராமல், அவர் தேடப் போகும்போதெல்லாம் மரியாதையாகத் திரும்பி நின்றிருக்கிறார்கள், வருஷக்கணக்காக.

அவளுக்கு அவர்களைத் திட்டக்கூட வரவில்லை. வீட்டில் சீட்டாடும்போது பிரபாகர் கை சீட்டோடு தொடைக்கடியில் போனால், "காபி கலந்துட்டு வரேன்" என்று எழுந்து உள்ளே போகிறவள் அவள்தானே.

ஒரு எறும்பு மணிக்கட்டில் ஏறியது. அவள் தட்டிவிடவில்லை. அது முழங்கைவரை போய், நின்று, கடித்தது. அப்புறம்தான் எழுந்தாள்.

"கெடைச்சிடுச்சு," என்றாள், உரக்கக்கூட இல்லை.

மூன்று பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். மூன்று முகத்திலும் ஒரே சிரிப்பு. எதைச் சொன்னாலும் நம்புவதற்குத் தயாராக வைத்திருந்த சிரிப்பு. அவளைப் பார்த்ததும் அது ஒவ்வொருவர் முகத்திலும் அப்படியே நின்று, மெதுவாக வடிந்தது.

கொடியை நோக்கி நடக்கும்போது அவள் முருகனிடம் கேட்டாள். "ஏன் முருகா, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பிட்டீங்க?"

"பழக்கம்மா," என்றான் அவன். "சார் தேடறப்போ நாங்க பாக்க..."

"முருகா, போய்க் கொடிய எடு," என்றார் வேதநாயகம்.

மிச்சக் குழிகளை ஏன் ஆடினார்கள் என்று கேட்டால் மூன்று பேருக்கும் தெரியாது. ஆடினார்கள். இட்லி சாப்பிடவில்லை. அடையாறில் அவள் குடியிருப்பு வாசலில் வண்டி நிறுத்த இடமில்லை என்று வேதநாயகம் ஸ்டியரிங்கை விட்டு இறங்கவில்லை. இடம் இருந்தது. கரீமுல்லாதான் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மேலே வந்தார்.

கோவிந்தம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு முகத்தையும் பார்த்துவிட்டு, சமையலறைக்குப் போய்ப் பாத்திரத்தை எடுத்துப் போட்டாள். கரீமுல்லா சோபாவின் நுனியில் உட்கார்ந்தார்.

"அவர் பேண்ட் பாக்கெட்ல ஓட்டை இருந்துது, கரீம் பாய்," என்றாள் சந்திரிகா. "நான் தைச்சுக்கிட்டே இருந்தேன்."

அவர் கண்ணை மூடித் திறந்தார். "ஒங்களுக்குத் தெரியுமா?"

"இது இன்னைக்குத்தான் தெரியும். சீட்டாட்டத்துல எப்பவுமே தெரியும்."

"சீட்டுலயுமா?"

"கல்யாணமான புதுசுலேர்ந்து."

கரீமுல்லாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. கொஞ்ச நேரம் அந்த ஹாலில் பிரபாகரை நன்றாகத் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்து சிரித்தார்கள். பிறகு அவர் தண்ணீரைக் குடித்து முடித்து, டம்ளரைக் கீழே வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு பேசினார்.

"மடியிலன்னு சொன்னது பொய், தங்கச்சி."

"தெரியும்."

"திரும்பித்தான் நின்னோம். வேதம் ஹார்பர் கதை ஏதோ சொல்லிக்கிட்டிருந்தான். ரொம்ப நேரமாச்சேன்னு மொதல்ல முருகன்தான் சொன்னான். நான்தான், இருடா, நல்ல எடமா பாத்து வைக்கிறான் போலன்னேன். அதுக்கும் சிரிச்சோம்." அவர் டம்ளருக்குள் பார்த்தார். "அப்பறம் போய்ப் பாத்தா குப்புறக் கெடக்கறான். தூக்கிப் புரட்டறப்பவே முடிஞ்சிருந்துது. வேதம் வாயில தண்ணிய ஊத்தினான், அது வெளியதான் வந்துது. ஒங்ககிட்ட இத எப்படிச் சொல்றது? சொல்லணும்னா, எதுக்குத் திரும்பி நின்னோம்னு மொதல்ல சொல்லணும். அவன் ஏமாத்தறவன்னு ஆயிடும். பொணத்த வச்சுக்கிட்டு அதச் சொல்லச் சொல்றீங்களா? அவன் அப்படிப்பட்டவனும் இல்ல. ஒரு பந்து. ஒரு பந்துதானே."

"ஒரு பந்துதான்," என்றாள் சந்திரிகா. அதில் அவளுக்குக் கோபமில்லை. அவர் இடத்தில் இருந்தால் அவளும் மடி என்றுதான் சொல்லியிருப்பாள்.

கரீமுல்லாவின் தோள் கொஞ்சம் இறங்கியது. சுமையை வைத்துவிட்ட மனுஷர்போலச் சாய்ந்து உட்கார்ந்தார். கீழேயிருந்து வேதநாயகத்தின் கார் ஹாரன் ஒருமுறை, தயங்கி, கேட்டது.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, பாய்." அவள் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "இன்னைக்கு நான் கெடைச்சிடுச்சுன்னு சொன்னப்போ, நான் கத்தல. ஆனா மூணு பேரும் ஒடனே திரும்பினீங்க. அவ்வளவு கிட்டத்துலதான் நிக்கிறீங்க. அங்கேர்ந்து முனகினாகூடக் கேக்கும்."

அவர் டம்ளரை மேஜையில் வைத்தார்.

"அவர் கூப்பிட்டாரா?"

சமையலறையில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. கரீமுல்லா வாயைத் திறந்தார். அவள் காது அந்த முதல் வார்த்தைக்காகக் காத்திருந்தது. வந்தது அந்தப் பழைய இடைவெளி மட்டும்தான். அவர் மடியிலிருந்த தொப்பியை எடுத்து, ஓரங்களைத் தடவி, எழுந்து நின்று, அவளைப் பார்க்காமல் சோபாவைச் சுற்றிக்கொண்டு நடந்தார். வாசலில் செருப்பை மாட்டக் காலால் துழாவினார். கதவைத் திறந்தார். அதைச் சாத்தாமலே படியிறங்கிப் போனார்.